எங்கே வெட்டுவது?

படச்சுருளே இல்லாமல் சினிமா சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். லெவ் குலெஷோவ் என்று பெயர். புரட்சி முடிந்து உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ரஷ்யாவில், 1919-ல், மாஸ்கோவில் அரசே ஒரு திரைப்படப் பள்ளியைத் தொடங்கியது. உலகின் முதல் திரைப்படப் பள்ளி என்று அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே பட்டறை நடத்திய குலெஷோவுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. அவரிடம் பாடம் கேட்ட புடோவ்கின் அவரைவிட ஆறு வயது மூத்தவர். பள்ளி இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், ஃபிலிம்தான் இல்லை. போரும் முற்றுகையுமாக இருந்த நேரத்தில் வெளிநாட்டு ஃபிலிம் எங்கிருந்து வரும்? அதனால் ஒரு காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, மாணவர்களையே நேரில் நடித்துக்காட்டச் சொன்னார். கேமரா கிடையாது. ஆனால் எது குளோசப், எது தூரத்து ஷாட், எந்த இடத்தில் கட் என்பதெல்லாம் தீர்மானமாகிவிடும். 'ஃபிலிம் இல்லாத படங்கள்' என்றே அவற்றைச் சொன்னார்கள். மிருதங்கம் கற்பவன் தோலில் கைவைக்கும் முன் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதைப் போல.

கூடவே, பழைய படங்களின் துண்டுகளை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிற அந்தச் சோதனை அப்படித்தான் பிறந்தது. இவான் மொஸ்ஜூகின் என்ற நட்சத்திர நடிகரின் சலனமற்ற முகம் ஒன்று. அதை அடுத்து ஒரு தட்டு சூப் வந்தால் முகத்தில் பசி தெரிந்தது. சவப்பெட்டி வந்தால் துக்கம் தெரிந்தது. மூன்றாவது விளையாடும் குழந்தை என்று புடோவ்கின் எழுதினார், ஒரு பெண் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அந்த ஃபிலிம் துண்டு இன்று இல்லை, சொன்னவர்கள் சொன்னதை வைத்துத்தான் பேசவேண்டியிருக்கிறது. ஒரே முகத்தைத்தான் மூன்று முறையும் காட்டினார்கள், பார்த்தவர்களோ மொஸ்ஜூகினின் நடிப்பை மெச்சினார்கள்.

எடிட்டிங் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்குப் பிடித்த காரியம். நான் எடிட்டர் இல்லை, ரசிகன். காட்சித் தொடர்பியல் துறையில் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவரின் தயவில் இது நடக்கிறது. பார்த்தவரையில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது: எடிட்டிங்குக்குப் பற்றாக்குறையைப் போல நல்ல வாத்தியார் இல்லை. குலெஷோவுக்கு அது தானாக வந்து வாய்த்தது. இன்றைய ஆசிரியர் அதை வலிய உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மாணவனிடம் எல்லாமே அளவில்லாமல் கிடக்கின்றன. போனில் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் எடுக்கலாம், எத்தனை கட் வேண்டுமானாலும் போட்டுப்போட்டு அழிக்கலாம், பாட்டின் தாளத்துக்கு ஏற்றபடி தானே வெட்டிக்கொடுக்கிற டெம்ப்ளேட்டுகூட இருக்கிறது.

வழக்கமான பாடத்திட்டம் மென்பொருளில் தொடங்கும். இது டைம்லைன், இது ரேசர் டூல், இந்த ஷார்ட்கட் கீயை அழுத்தினால் இன்னது நடக்கும். முதல் நாளே மாணவன் கொட்டாவி விடுகிறான், நியாயம்தான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ரீல்ஸ் வெட்டிக்கொண்டிருப்பவனுக்கு எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பது ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும். பார்ப்பவரின் கட்டைவிரல் அடுத்த வீடியோவுக்குப் போவதற்குள் முதல் இரண்டு விநாடியில் பிடிக்க வேண்டும் என்பதும் தெரியும். அது சின்ன அறிவு இல்லை. தெரியாதது ஒன்றுதான்: இந்த இடத்தில் ஏன் வெட்டினாய் என்று கேட்டால் பதில் வராது.

நண்பரின் வகுப்பில் முதல் பயிற்சி டீக்கடை. கல்லூரி வாசலில் இருக்கும் கடைக்குப் போய், மாஸ்டர் ஒரு டீ போடுவதை எடுத்துவர வேண்டும். 10 ஷாட்டுக்கு மேல் கூடாது, ஒரு ஷாட் 10 விநாடியைத் தாண்டக் கூடாது, வெட்டி முடித்தபின் ஒரு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். டிரான்சிஷன் கிடையாது, ஸ்லோமோஷன் கிடையாது, பின்னணி இசை கிடையவே கிடையாது. இசை இல்லை என்றதும் வகுப்பில் எழும் முனகல் கேட்கத் தகுந்தது. "மியூசிக் இல்லாம எப்படி சார் ஃபீல் வரும்?" என்று யாராவது கேட்பார்கள். நண்பர் பதில் சொல்வதில்லை.

முதல் வெட்டு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். ஒவ்வொரு ஷாட்டும் முழுசாக இருக்கும். கை உள்ளே வரும், டிக்காஷனை ஊற்றும், வெளியே போகும். அடுத்த ஷாட், இன்னும் கிட்டத்தில், அதே கை மறுபடி உள்ளே வரும். ஒரு மாணவியின் வேலையைத் திரையில் ஓடவிட்டு நண்பர் கேட்டார்: "மாஸ்டர் எத்தனை டீ போட்டார்மா?" "ஒண்ணுதான் சார்." "எத்தனை தடவை டிக்காஷன் ஊத்தினார்?" அந்தப் பெண் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

இந்தத் தவறு ஒரு கௌரவமான தவறு. 1903-ல் எட்வின் போர்ட்டர் எடுத்த 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' படத்தில், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஆட்களை மீட்பதை முதலில் அறைக்குள்ளிருந்து முழுதாகக் காட்டுவார்கள். பிறகு அதே மீட்பை வெளியே தெருவிலிருந்து மறுபடி முழுதாகக் காட்டுவார்கள். நடப்பதை இரண்டு இடத்திலிருந்து பார்க்கலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றின் பாதியில் மற்றொன்றுக்குத் தாவலாம் என்பது இன்னும் பழக்கமாகவில்லை. பின்னாளில் யாரோ உள்ளேயும் வெளியேயுமாக மாற்றி மாற்றி வெட்டி வைத்த பிரதி ஒன்றைப் பார்த்து, போர்ட்டரே அப்படி வெட்டினார் என்று வரலாற்றாசிரியர்கள் பல காலம் நம்பியிருந்தார்கள். ஒவ்வொரு மாணவனும் தன் முதல் வாரத்தில் 1903-ஐத் தாண்டி வருகிறான். அதைப் பார்க்கத்தான் நான் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன்.

தாண்டும் இடம் இப்படி இருக்கும். மாஸ்டர் டீயை ஆற்றுகிறார். தூரத்து ஷாட்டில் வலது கை மேலே போகிறது. கிட்டத்து ஷாட்டில் மேலிருந்து டீ கயிறுபோல இறங்குகிறது. இரண்டையும் எங்கே ஒட்டுவது? கை மேலே போய் நின்ற பிறகு வெட்டினால் படம் ஒரு கணம் தடுக்கிவிழுகிறது. கை கிளம்பும் முன்பே வெட்டினால் அடுத்த ஷாட்டில் கை எங்கிருந்து வந்தது என்று கண் தேடுகிறது. நண்பர் அம்புக்குறிப் பொத்தானால் ஒரு ஃப்ரேம் முன்னால், ஒரு ஃப்ரேம் பின்னால் என்று நகர்த்திக்கொண்டே போவார். நம் ஊர்த் தொலைக்காட்சிக் கணக்குப்படி விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் என்பது விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதைக் கண் எப்படிப் பிரித்தறியும் என்று கேட்டவர்களே, கை பாதி உயரத்தைக் கடக்கும் ஓர் இடத்தில் "சார், அங்கதான்! அங்கதான்!" என்று கத்துவதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஃப்ரேம் தள்ளிப்போனால் "போச்சு" என்பார்கள். அசைவின் நடுவில் வெட்டினால் வெட்டு தெரியாது. அசைகிற கையைப் பின்தொடரும் கண் வெட்டைக் கவனிப்பதில்லை. யாரும் அவர்களுக்கு அதுவரை இந்த விதியைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்டுபிடித்த பிறகுதான் நண்பர் அதன் பெயரைச் சொல்வார்.

அடுத்த சிக்கல் தானாக வரும். தூரத்து ஷாட்டில் கிளாஸில் பாதி டீ, கிட்டத்து ஷாட்டில் நுரை ததும்புகிறது. மாஸ்டர் இவர்களுக்காகவா காத்திருப்பார்? அது வேறொருவருக்குப் போட்ட டீ. மறுபடி எடுக்க அனுமதி இல்லை. இருக்கிற பத்து ஷாட்டில் தேட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து டீக்காகக் காத்திருக்கும் பெரியவரின் முகம் ஒன்று சும்மா எடுத்து வைத்திருப்பார்கள். அதை இரண்டுக்கும் நடுவில் வைத்தால் நுரைக்கணக்கை யாரும் கேட்பதில்லை. பால் கொதிக்க ஆகும் மூன்று நிமிடமும் அந்த முகத்துக்குள் மறைந்துவிடுகிறது. அதோடு முடிவதில்லை. ஆவி பறக்கும் பாய்லரை அடுத்து அந்தப் பெரியவர் வந்தால் டீக்கு ஏங்குகிறார். விலைப்பட்டியலை அடுத்து வந்தால் சட்டைப்பையில் சில்லறை இருக்கிறதா என்று யோசிக்கிறார். அவர் ஒன்றுமே செய்யவில்லை. மொஸ்ஜூகின் கல்லூரி வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

இதையே தனிப் பயிற்சியாகவும் செய்யலாம், ஆனால் அதற்கு ஆள் தேர்வு முக்கியம். வகுப்பில் நன்றாக நடிப்பவனை உட்காரவைத்தால் கெட்டது. அவன் ஒவ்வொரு டேக்கிலும் ஏதாவது 'செய்வான்'. கேமராவைக் கண்டால் கூசி உறைந்துபோகிற பையன்தான் சரியான நடிகன். அவன் பார்வை எந்தப் பக்கம் போகிறதோ, அடுத்துக் காட்டப்படும் பொருளும், பிரியாணி என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பக்கம் இருப்பதாகத் தெரிய வேண்டும். வெளிச்சமும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அவன் பிரியாணியைப் பார்க்கவில்லை, இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் நண்பர் பலகையில் ஆறு எண்களை எழுதுவார். வால்டர் மர்ச் போட்ட கணக்கு அது. 'தி கான்வர்சேஷன்', 'அபோகலிப்ஸ் நவ்', 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படங்களின் எடிட்டர் அவர். நின்றுகொண்டே வெட்டுகிற மனிதர். ஒரு நல்ல கட்டுக்கு 100 மதிப்பெண் என்றால் உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவர் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, திரைப்பரப்பில் பொருட்களின் இடத்துக்கு 5, காட்சியின் உண்மையான இடவெளி குழம்பாமல் இருப்பதற்கு 4. பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிகிறது. உணர்ச்சி சரியாக இருந்தால் அதுவே பாஸ் மார்க்கைத் தாண்டிவிடுகிறது. ஆரம்ப மாணவன் இரவெல்லாம் விழித்து மண்டையை உடைத்துக்கொள்வதோ கடைசி 4 மார்க்குக்காக. கிளாஸ் எந்தக் கையில் இருந்தது, வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று. மர்ச்சின் எண்களை நான் வேதமாக எடுத்துக்கொள்ளவில்லை. 51 என்பது கொஞ்சம் குறும்பு, மற்ற ஐந்தும் சேர்ந்தாலும் உணர்ச்சியை ஜெயிக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட எண். ஆனாலும் வகுப்பில் அது வேலை செய்கிறது.

மர்ச் தரும் இன்னொரு எண் எனக்கு இதைவிடப் பிடிக்கும். 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு 230 மணி நேரத்துக்கும் மேலான ஃபுட்டேஜ் இருந்தது. முடிந்த படத்தில் உள்ள கட்டுகளை, எடிட்டர்கள் உழைத்த நாட்களால் வகுத்துப் பார்த்தால், ஓர் எடிட்டருக்கு ஒரு நாளைக்கு 1.47 கட் வருகிறதாம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒன்றரை வெட்டு. ஒரு மணி நேரத்தில் நாற்பது கட் போட்டுவிட்டு "முடிஞ்சுது சார்" என்று பையைத் தூக்குகிற மாணவனிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். மற்ற நேரமெல்லாம் அவர்கள் என்ன செய்தார்கள்? பார்த்தார்கள், போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி பார்த்தார்கள்.

இரண்டாவது பயிற்சி டீக்கடையைவிடக் கடினம், ஆனால் பார்க்கச் சாதுவாக இருக்கும். வீட்டில் உள்ள தாத்தாவிடமோ பாட்டியிடமோ பத்து நிமிடம் பேசிப் பதிவுசெய்து, அதை இரண்டு நிமிடமாக்க வேண்டும். இங்கேதான் இமை வருகிறது. 'தி கான்வர்சேஷன்' படத்தை வெட்டும்போது, தான் வெட்ட நினைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நடிகர் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டுவதை மர்ச் திரும்பத் திரும்பக் கவனித்தார். மனிதன் ஓர் எண்ணத்தை முடிக்கும்போது இமைக்கிறான், அங்கேதான் வெட்டும் விழ வேண்டும் என்று அதிலிருந்து ஒரு புத்தகமே எழுதினார். மாணவர்கள் பாட்டிகளின் கண்களைப் பார்க்கத் தொடங்குவார்கள். தன் பாட்டி எப்போது இமைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு ஒரு பையன் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது வேறு எந்தப் பாடத்தில் நடக்கும்?

பத்தை இரண்டாக்கும் அவசரத்தில் முதலில் பலியாவது இழுவைகள். 'அதான்பா', 'என்னன்னா', 'அப்புறம் வந்து' எல்லாவற்றையும் களைந்துவிடுகிறார்கள். களைந்து முடித்துப் பார்த்தால் பாட்டி செய்தி வாசிக்கிறாள். ஒன்றிரண்டு 'அதான்பா'வைத் திரும்ப வைத்தால்தான் ஆள் திரும்ப வருகிறாள். எதை வைப்பது, எதை விடுவது என்பதற்கு விதி கிடையாது, காதுதான். இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஒரு பாட்டி பேசியது இது: "நான் பள்ளிக்கூடம் போகலை. போகணும்னு ஆசைதான். விடலை." பேத்தி நேரத்தை மிச்சம்பிடிக்க முதல் வாக்கியத்தோடு வெட்டிவிட்டாள். படம் சுத்தமாக இருந்தது. நண்பர் அந்தப் பத்து நிமிடத்தையும் போட்டுக் கேட்டார், வகுப்பு முழுதும் கேட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. அவளே எழுந்துபோய் மூன்று வாக்கியத்தையும் திரும்ப வைத்தாள். ஊடக அறம் என்று ஒரு தனித்தாள் படிப்பில் இருக்கிறது, அதில் இதைவிடத் தெளிவாக எதுவும் எழுதியிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தொழில்நுட்ப வில்லங்கங்களை நான் நீட்டப்போவதில்லை. பென் டிரைவில் ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் காப்பி செய்துகொண்டு வந்து, வகுப்பில் திறந்ததும் 'மீடியா ஆஃப்லைன்' என்று திரை சிவப்பாக விழிப்பதை ஒவ்வொருவரும் ஒரு தடவை அனுபவித்தே தீர வேண்டும். போனில் எடுத்த வீடியோவின் ஃப்ரேம் கணக்கு நிலையாக இருக்காது என்பதால் வாயும் பேச்சும் மெல்ல விலகிப்போகும். எடுத்ததை வெட்டும் முன் ஒரே கணக்குக்கு மாற்றிக்கொண்டால் தப்பலாம். மென்பொருள் எதுவாக இருந்தால் என்ன? டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். கணினி பழையதாக இருந்தால் கேடன்லைவ், ஷாட்கட் இருக்கின்றன. முதல் ஆண்டுக்கு இவற்றில் நூற்றில் பத்துப் பங்கு வசதிகூடத் தேவைப்படாது.

சத்தம்தான் நீட்டிச் சொல்லத் தகுந்தது. நம் ஊரில் சத்தத்தின் முதல் பாடம் மின்விசிறியை நிறுத்துவது. பாட்டி பேட்டிகளில் பாதி, தலைக்கு மேல் ஓடும் விசிறியின் இரைச்சலில் மூழ்கிப்போயிருக்கும். அதுவும் வெட்டிய இடத்தில் எல்லாம் அந்த இரைச்சல் தாவித்தாவி ஏறி இறங்கும். படத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டைக் காது காட்டிக்கொடுத்துவிடும். பேச்சு முடிந்ததும் யாரும் வாய் திறக்காமல் அந்த அறையின் சும்மா இருக்கும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதை அடியில் விரித்துவிட்டால் வெட்டுகள் அமைதியாகிவிடும். அந்த அரை நிமிடம் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அறையைக் கேட்கிறபோதுதான், அறை என்று ஒன்றுக்குத் தனிச் சத்தம் இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது.

அடுத்தது, படமும் சத்தமும் ஒரே இடத்தில் வெட்டப்பட வேண்டியதில்லை என்கிற ஞானம். பாட்டி பேசி முடிக்கும் முன்பே அவள் கைகள் தெரியலாம். பள்ளி மணி முதலில் கேட்டு, பள்ளிக்கூடம் பிறகு தெரியலாம். டைம்லைனில் இந்த வெட்டு ஆங்கில எழுத்துகள் ஜே, எல் போலத் தெரிவதால் ஜே-கட், எல்-கட் என்கிறார்கள். ஓர் அரை விநாடி முன்னால் வரும் சத்தம் பார்ப்பவரைக் கையைப் பிடித்து அடுத்த காட்சிக்கு அழைத்துப்போய்விடுகிறது. இதன் உச்சத்தைக் காட்ட 'பதேர் பாஞ்சாலி' போதும். ஊரிலிருந்து திரும்பிய ஹரிஹர், மகளுக்கு வாங்கிவந்த புடவையை மனைவி சர்பஜயாவிடம் நீட்டுகிறார். மகள் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. சர்பஜயா உடைந்து அழுகிறாள். ஆனால் அந்த அழுகை நமக்குக் கேட்பதில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் உச்சத்தில் ஒலிக்கிறது. சத்யஜித் ராயும் எடிட்டர் துலால் தத்தாவும் ஒரு குரலை எடுத்துவிட்டு வைத்த இசை அது. இசை இல்லாமல் எப்படி ஃபீல் வரும் என்று கேட்ட மாணவனுக்கு, இசையை எப்போது வைக்கலாம் என்பதற்கான பதில் இங்கே கிடைக்கிறது, இரண்டு மாதம் கழித்து.

டிரான்சிஷன்களுக்கு ஏன் தடை? மாணவன் திணறும் இடத்தில்தான் அவை முளைக்கின்றன. இரண்டு ஷாட் ஒட்டவில்லையா, நடுவில் ஒரு டிசால்வ். இன்னும் ஒட்டவில்லையா, திரையே சுழன்று திரும்பட்டும். சீரியல்களில் மாமியார் முகத்துக்கு மூன்று தடவை இடியோடு ஜூம் போவதும் இந்த வகைதான். டேவிட் லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் லாரன்ஸ் எரியும் தீக்குச்சியை ஊதி அணைப்பதும், மறு கணம் விடியும் முன்னான பாலைவன வானம் விரிவதும் உலகமறிந்த கட். அங்கே டிசால்வ் வைப்பதாகத்தான் முதலில் திட்டம். எடிட்டர் ஆன் கோட்ஸ் இரண்டு ஷாட்டையும் நேராக ஒட்டிப் பார்த்தபோது அதுவே நன்றாக இருந்தது. இரண்டொரு ஃப்ரேமைக் குறைத்தார், முடிந்தது. ஆஸ்கரும் வந்தது.

ஆனால் கல்யாண வீடியோக்காரர்களை இந்தக் கணக்கில் சேர்த்து யாரும் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். இதய வடிவத்தில் திரை திறக்கும், ரோஜா இதழ் கொட்டும், சரி. அதெல்லாம் வாடிக்கையாளர் கேட்டது. மூன்று கேமராவில் முந்தைய நாள் வரவேற்பிலிருந்து சாந்தி முகூர்த்த அலங்காரம் வரை எடுத்து வந்ததை, ரீடேக் இல்லாமல், தாலி கட்டும் கணத்தில் குறுக்கே நிற்கும் மாமாவை மறைத்து, மூன்று நிமிட ஹைலைட்ஸ் ஆக்குகிறவர் சாதாரண ஆள் இல்லை. நம் மாணவர்களில் பலருக்கு முதல் சம்பளம் அங்கிருந்துதான் வரப்போகிறது.

எடிட்டிங் பற்றிய ஆகச்சிறந்த பாடத்தை ஒரு படமே நடத்திக்காட்டியிருக்கிறது. 1929-ல் வந்த 'மேன் வித் எ மூவி கேமரா'. ஜிகா வெர்டோவ் இயக்கியது, வெட்டியவர் அவர் மனைவி எலிஸவேதா ஸ்விலோவா. நகரத் தெருவில் குதிரை வண்டி ஒன்று பாய்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று குதிரை அந்தரத்தில் நின்றுவிடுகிறது. ஓடிய நகரம் முழுதும் உறைந்த படங்களாகிவிடுகிறது. பிறகு பார்த்தால் அவை ஃபிலிம் சுருள்கள், ஒரு மேசையில் ஸ்விலோவா உட்கார்ந்திருக்கிறார். சுருளை வெளிச்சத்தில் பார்க்கிறார், வெட்டுகிறார், அடுக்குகிறார். அவர் கையில் துண்டாக இருந்த குழந்தையின் முகம் அடுத்த கணம் திரையில் அசைந்து சிரிக்கிறது. வசனம் கிடையாது, விளக்கம் கிடையாது. அந்தக் காலத்து வெட்டுமேசைகளில் ரஷ்யாவிலும் ஹாலிவுட்டிலும் ஏராளமான பெண்கள் இருந்தார்கள். தையல் வேலை மாதிரிதானே என்று அலட்சியமாக அவர்களிடம் விடப்பட்ட தொழில் இது. பிறகு மதிப்பு கூடியதும் ஆண்கள் வந்து நிறைந்தார்கள். இந்திப் படங்களில் ரேணு சலூஜா 'ஜானே பீ தோ யாரோ', 'பரிந்தா' என்று வெட்டி நான்கு தேசிய விருது வாங்கியதையும் வகுப்பில் சேர்த்தே சொல்ல வேண்டும். எடிட்டிங் லேபில் பின்வரிசையில் ஒதுங்கி உட்காரும் பெண் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருப்பது நல்லது.

தமிழ் சினிமாவில் இந்தக் கல்வி பள்ளிக்கூடத்துக்கு வெளியில்தான் பெரும்பாலும் நடந்தது. ஃபிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டும் மூவியோலா இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எடிட்டர் கேட்கும் துண்டை எடுத்துக்கொடுத்து, வேண்டாததைச் சுருட்டி எண் போட்டு மாட்டி வைத்து, பல வருடம் போன பிறகுதான் உதவியாளருக்கு ஒரு காட்சி வெட்டக் கிடைக்கும். இயக்குநர் பீம்சிங்கின் மகன் பி. லெனினும் வி.டி. விஜயனும் சேர்ந்து வெட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். 'நாயகன்' அவர்கள் வெட்டியது, 'காதலன்' அவர்களுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. 'அலைபாயுதே'யில் காணாமல்போன மனைவியைத் தேடும் கணவனின் இன்றும் காதலித்த நேற்றும் முன்பின்னாகக் கலந்து வந்தும் ஓர் இடத்தில்கூடக் குழம்பாமல் இருப்பது ஸ்ரீகர் பிரசாத்தின் கைவரிசை. வகுப்பில் அந்தப் படத்தின் காட்சிகளைச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப்போட்டு அடுக்கச் சொன்னால் நல்ல விளையாட்டு. எப்போது வெட்டக் கூடாது என்பதற்கு, ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் தானே செய்த பாலு மகேந்திராவின் 'வீடு' இருக்கிறது. கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வரும் காட்சியில் படம் அவர் நடைக்கே நடக்கிறது. கடைசிக் காலத்தில் சென்னையில் சினிமா பட்டறை என்று ஒரு பள்ளியையும் அவர் நடத்தினார்.

இப்போது வெட்டும் அறையில் உதவியாளர் பக்கத்தில் நிற்பதில்லை. ஃபைல் ஏற்றுவது இரவில் ஒருவர், வெட்டுவது பகலில் ஒருவர். துண்டை எடுத்துக்கொடுக்க ஆள் தேவையில்லாமல் போனதும், தோளுக்குப் பின்னால் நின்று கற்கிற வழியும் போய்விட்டது. அந்த இடத்தை வகுப்பறைதான் நிரப்ப வேண்டும், அதனால்தான் அது எப்படி நடக்கிறது என்பதில் எனக்கு இத்தனை அக்கறை.

ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. பருவ இறுதியில் மதிப்பெண் போடும்போது எக்ஸ்போர்ட் ஆகி வந்த வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு முடிக்காதீர்கள். டைம்லைனைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். இங்கே ஏன் வெட்டினாய் என்று ஓரிடத்தில் கேளுங்கள். எடுத்துவந்ததில் உனக்கு மிகவும் பிடித்த எந்த ஷாட்டை வெளியே விட்டாய், ஏன் என்று இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்கிற மாணவனுக்கு முழு மதிப்பெண் போடலாம், அவன் வீடியோ கொஞ்சம் முன்பின் இருந்தாலும்.